ஆனை போன துறை, அதைக் காத்த தீவு

சென்ற அத்தியாயத்தைப் பூநகரிக் கோட்டையின் இரண்டு கொத்தளங்களோடு நிறுத்தினோம். ஒரு பக்கம் முப்பது மீற்றர் அளவேயுள்ள அந்தச் சதுரக் கட்டடம் களப்பின் தென்கரையில் இருந்து வடகரையைப் பார்த்து நிற்கிறது. அதே களப்பு மேற்கே விரிந்து, தீவுகளுக்கிடையே ஒடுங்கி, காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே ஓடிக் கடலில் கலக்கும் இடத்தில் இன்னொரு கோட்டை இருக்கிறது. தண்ணீரின் நடுவே ஒரு சிறு திட்டு. அத்திட்டு முழுவதும் கோட்டை. மதிலுக்கு வெளியே கால் வைக்க நிலம் அதிகமில்லை. போர்த்துக்கேயர் முருகைக்கல் கொண்டு கட்டித் துறையின் பெயரையே அதற்கும் வைத்தார்கள். ஒல்லாந்தர் ஹம்மன்ஹீல் என்றார்கள். ஊர்ச்சனம் கடற்கோட்டை என்றும் பூதத்தம்பி கோட்டை என்றும் சொல்லும். யாழ்ப்பாண வரலாற்று நூல்களில் இக்கோட்டை யாழ்ப்பாணக் கோட்டைக்குத் துணையாக நின்ற ஒரு காவற்கூடமாகச் சில வரிகளில் வந்துபோகிறது. அந்த இடம் அதற்குப் போதாது என்பது என் வாதம். கடற்கோட்டையின் வரலாற்றில் சரிபாதி வன்னிக்குரியது. வன்னிக் காட்டிலிருந்து வெளியேறும் பொருள்களில் விலைமிக்கதான யானை எந்தத் துறையில் கப்பலேறியதோ, அந்தத் துறையின் பூட்டு இது. பூநகரியும் ஆனையிறவும் உள்கதவுகள், கடற்கோட்டை வெளிக்கதவு.

முதலில் பெயர்கள். ஒல்லாந்தர் இலங்கைத் தீவின் வடிவத்தைப் பன்றித் தொடைக்கு ஒப்பிட்டார்கள். அத்தொடையின் குதியில் இக்கோட்டை இருப்பதாகக் கண்டு, 'தொடையின் குதி' என்று பொருள்படும்படி பெயரிட்டார்கள். காரைதீவை அம்ஸ்டர்டாம் என்றும் வேலணைத் தீவை லெய்டன் என்றும் தங்கள் ஊர்ப் பெயர்களால் அழைத்த அதே மனப்போக்குத்தான் இதுவும். வரைபடத்தை மேலிருந்து பார்ப்பவன் வைத்த பெயர் இது. கோட்டை என்ன செய்தது என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆனால் துறைக்குப் போர்த்துக்கேயர் வைத்த பெயர் சொல்கிறது. இன்று ஆங்கிலத்தில் 'கைற்ஸ்' என்று வழங்கும் ஊர்காவற்றுறையின் பெயர், இறங்குதுறையைக் குறிக்கும் 'காய்ஸ்' என்ற போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் அதை வெறும் இறங்குதுறை என்று விடவில்லை, யானைகளின் இறங்குதுறை என்றே எழுதினார்கள். காலப்போக்கில் யானை உதிர்ந்துபோய்த் துறை மட்டும் பெயரில் எஞ்சியது. ஒரு துறைக்கு அங்கே கண்ணுக்கு முன்னால் நடக்கும் தொழிலைக் கொண்டு பெயரிடுவது வணிகனின் வழக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்நாளில் பிடித்து ஏற்றுமதி செய்யும் அளவுக்கு யானைக்காடு கிடையாது. அப்படியானால் அந்த யானைகள் வேறெங்கோ பிடிக்கப்பட்டு அங்கே கொண்டுவரப்பட்டவை.

ஊர்ப்பெயர்களைச் சான்றாகக் காட்டுவதில் எச்சரிக்கை வேண்டும் என்று ஒருவர் தடுக்கலாம். நியாயமான தடை. ஆனையிறவு, கிளிநொச்சிப் பக்கத்து ஆனைவிழுந்தான், யாழ்ப்பாணத்து ஆனைப்பந்தி, ஆனைக்கோட்டை என்று ஆனை வரும் பெயர்களையெல்லாம் கோத்து ஒரு பாதையை வரைந்துவிட்டால் பார்க்க அழகாக இருக்கும், வரலாறு ஆகாது. ஆனைக்கோட்டை என்ற பெயருக்கே வேறு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. எனவே பெயர்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுத்துச் சான்றுகளுக்கு வருவோம். அவற்றுள் மிகப் பழையது நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கே வந்து இறங்க வேண்டும் என்று அது விதிக்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் உடைந்துபோனால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கு ஏற்றிய மரக்கலம் உடைந்தால் சரிபாதி. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே. அதே மன்னன் ஊராத்துறையிலும் மாதோட்டத்திலும் வேறு சில இடங்களிலும் படையும் கப்பலும் திரட்டியதைச் சோழநாட்டுத் திருவாலங்காட்டுக் கல்வெட்டும் பேசுகிறது.

நயினாதீவுக் கல்வெட்டை வன்னி யானைகளின் ஏற்றுமதிக்குச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. அது தவறு. அக்கல்வெட்டு சொல்வது யானை கொண்டுவரும் கலங்களை. கொண்டுபோகும் கலங்களை அல்ல. யானைகளுக்குப் பெயர்போன ஒரு நாடு வெளியிலிருந்து யானையை ஏன் வரவழைத்தது என்பது தனியாக ஆராய வேண்டிய கேள்வி. பராக்கிரமபாகு பர்மியக் கரையிலிருந்த அரசனோடு போருக்குப் போனதற்கு யானை வணிகத்தில் எழுந்த பிணக்கும் ஒரு காரணம் என்று சூளவம்சம் கூறுவதை மட்டும் இங்கே நினைவில் வைப்போம். கல்வெட்டு நமக்குத் தருவது வேறொன்று. போர்த்துக்கேயர் வருவதற்கு முந்நூறு ஆண்டுக்கும் முன்பே யானையை ஏற்றவும் இறக்கவும் பழகிய துறையாக ஊராத்துறை இருந்தது. அத்தொழிலுக்கு அரசு தனிச் சலுகை கொடுத்தது. மற்றச் சரக்கில் பாதியை எடுத்த அரசு யானைக் கப்பலில் காற்பங்கோடு நின்றுகொண்டது. யானையை ஏற்றுவது பொதி ஏற்றுவது போன்றதல்ல. அலையில்லாத தண்ணீர் வேண்டும், கப்பல் கரையோடு அணைய வேண்டும், மிருகம் மிரளாமல் நடந்து ஏறத் தளம் வேண்டும், காத்திருக்கும் நாள்களில் தீனியும் நல்ல தண்ணீரும் வேண்டும், அதை அடக்கத் தெரிந்த ஆள்களும் வேண்டும். இவை எல்லாம் ஒரு துறையில் கூடிவர நூற்றாண்டுகள் எடுக்கும். கூடியபின் வணிகம் அந்த இடத்தை எளிதில் விட்டுப் போகாது.

இனி வன்னிக்குள் வருவோம். பனங்காமம், கரிக்கட்டுமூலை, கருநாவற்பற்று, முள்ளியவளை, மேல்பற்று, தென்னமரவடி என்ற வன்னிமைகள் யாழ்ப்பாண அரசர்களுக்கும், 1619இல் அவ்வரசு வீழ்ந்தபின் போர்த்துக்கேயருக்கும், 1658க்குப் பின் ஒல்லாந்தருக்கும் திறை செலுத்தின. திறை பெரும்பாலும் யானையாகவே கணிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தக் கொமாந்தராக இருந்த ஹென்றிக் சுவார்தகுரோன் 1697இல் தன் பின்வருவோருக்கு எழுதிவைத்த நினைவுக் குறிப்பில் வன்னியர் ஆண்டுதோறும் தரவேண்டிய யானைத் தொகையைத் தருகிறார்: 42½ யானை. இதில் பெரும்பங்கு பனங்காமத்துக்கும் கரிக்கட்டுமூலைக்கும் உரியது. அந்த அரை யானையில் நாம் சற்றுத் தங்க வேண்டும். அரை யானை காட்டில் கிடையாது, கணக்கேட்டில்தான் உண்டு. உயரமும் கொம்பும் வயதும் பார்த்து மதிப்பிடப்படும் பணமாக யானை மாறிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. நெல்லில் திறை வாங்குபவனுக்குக் களஞ்சியம் போதும். யானையில் திறை வாங்குபவனுக்குச் சந்தை வேண்டும், சந்தைக்குப் போகும் வழி வேண்டும், வழியின் கடைசியில் ஒரு துறை வேண்டும். திறையின் வடிவமே வன்னிக்காட்டை ஊர்காவற்றுறையோடு கட்டிப்போட்டது.

யானையை வாங்கியவர் யார்? கோல்கொண்டா நாட்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த முஸ்லிம் வணிகர். அவர்களுடைய அரசர்களின் படைக்கும் அரண்மனைக்கும் ஈழத்து யானை மிக விரும்பப்பட்டது. ஒல்லாந்தக் கும்பனி யாழ்ப்பாணத்தில் யானைகளை ஏலத்தில் விற்றது. தெற்கே மாத்தறைப் பக்கத்தில் பிடித்த யானைகளையும் புத்தளம், மாந்தை வழியாகக் கரையோரமாக நடத்தி வடக்கே கொண்டுவந்தது. கொழும்பும் காலியும் கும்பனியின் கையில் இருந்தும், தெற்கு யானை நூற்றுக்கணக்கான மைல் நடந்து வடக்கே வந்து விற்பனையானது என்றால், வாங்குவோர் இங்கேதான் கூடினார்கள் என்பது பொருள். அந்த நீண்ட நடையின் கடைசிப் பகுதி இன்றைய கிளிநொச்சி மாவட்டம். ஒன்று பூநகரிக் கரையிலிருந்து களப்பைக் கடக்க வேண்டும், அல்லது சுற்றிக்கொண்டு ஆனையிறவின் ஆழமற்ற பரவையில் இறங்கிக் கரையேற வேண்டும். மூன்றாம் வழி இல்லை. ஆனையிறவிலிருந்து வெற்றிலைக்கேணிப் பக்கம் வரை ஒல்லாந்தர் மூன்று சிறு காவற்கோட்டைகளை வரிசையாக வைத்தார்கள். அவற்றுள் ஒன்றுக்கு யானையின் பெயர். பூநகரியில் போர்த்துக்கேயர் கட்டியதை 1770இல் விரிவாக்கினார்கள். இவ்வளவு காவலும் வன்னியிலிருந்து குடாநாட்டுக்குள் படை நுழையாமல் தடுக்கத்தான் என்று பாடநூல் சொல்கிறது. அதுவும் உண்மைதான். ஆனால் வாசலில் நிற்கும் காவலன் உள்ளே வருபவனைத் தடுப்பதோடு, உள்ளே வரும் சரக்கை எண்ணவும் செய்கிறான்.

இங்கே வலிமையான மறுப்பு ஒன்று எழும். கடற்கோட்டையின் பீரங்கி பனங்காமத்து வன்னியனை எப்படிக் கட்டுப்படுத்தும்? நடுவே களப்பும் காடும் கிடக்கின்றன. உண்மையில் வன்னியர் ஒழுங்காகத் திறை கட்டியதும் இல்லை. சுவார்தகுரோன் குறிப்பின் பெரும் முறைப்பாடே நிலுவைதான். அப்படியானால் பூட்டு எங்கே வேலை செய்தது? இதற்கு என் விடை: கோட்டை திறையை வசூலிக்கவில்லை, வேறு கைக்கு விற்பதைத் தடுத்தது. வன்னியன் ஆனையைக் கொடுக்காமல் காட்டிலேயே விட்டுவைக்கலாம். ஆனால் கோல்கொண்டா வணிகனோடு நேரடியாகப் பேசி விற்க அவனுக்குத் துறை இல்லை. கிழக்குக் கரை திறந்த கடல். முல்லைத்தீவில் அலை அடிக்கும் மணற்கரையில் யானையைக் கப்பலேற்றுவது நினைக்கக்கூடியதல்ல. தென்கிழக்கே அமைதியான ஆழ்துறை திருகோணமலை. அங்கே போர்த்துக்கேயர் 1624இல் கோட்டை கட்டிவிட்டார்கள். மேற்கே மன்னார், அங்கே 1560 முதல் கோட்டை. வடமேற்கே ஊர்காவற்றுறை, அதன் வாயில் கடற்கோட்டை. வன்னியைச் சுற்றி வரைந்து பாருங்கள், யானை கப்பலேறக்கூடிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு கோட்டை நிற்கிறது. ஏறமுடியாத நீண்ட கிழக்குக் கரை நெடுங்காலம் அவ்வளவு காவலின்றிக் கிடந்தது. காட்டுக்குள் வன்னியன் சுதந்திரன். கரைக்கு வந்தால் வாங்குபவன் ஒருவனே, விலை சொல்பவனும் அவனே. நிலுவை ஏறிக்கொண்டே போனதன் காரணம்கூட இதற்குள் இருக்கிறது. விற்றுப் பயன் காண முடியாத பொருளை, யானை பிடிக்கும் பணிக்கர்களை அமர்த்தி, தோற்கயிறு முறுக்கி, உயிரைப் பணயம் வைத்துப் பிடித்து இன்னொருவனுக்குக் கொடுக்க எவன் மனம் வைப்பான்?

கட்டடமே இந்த வாதத்துக்கு இன்னொரு சான்று. திட்டில் நல்ல தண்ணீர் ஊற்று இல்லை. 1658 பெப்ரவரியில் மன்னாரைப் பிடித்த றைக்லொவ் வான் கூன்ஸின் படை வடக்கே வந்து யாழ்ப்பாணக் கோட்டையை முற்றுகையிட்டது. படையோடு வந்த போதகர் பிலிப்பஸ் பல்தேயஸ் பின்னர் 1672இல் வெளியிட்ட நூலில் இந்தப் போரை விரிவாக எழுதினார். யாழ்ப்பாணக் கோட்டை மூன்று மாதமளவு தாக்குப்பிடித்து ஜூனில்தான் வீழ்ந்தது. கடற்கோட்டையோ இரண்டு கிழமை முற்றுகையில் கைமாறியது. மதிலைத் தகர்த்து ஏற வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் இல்லாமற் போனதே போதுமாயிருந்தது. பெரும் வல்லரசின் முற்றுகையைத் தாங்கும் நோக்கோடு கட்டப்பட்டதாயின் குடிநீருக்கு இப்படியொரு பலவீனத்தை விட்டுவைத்திருப்பார்களா? வடபக்க மதில் உள்ளே வெறுமையாக விடப்பட்டு மரத்தூலங்களால் தாங்கப்பட்டிருந்ததாம். கடலடியும் காற்றும் அதைத் தின்றுகொண்டிருந்தன. இது கடற்படையை எதிர்த்து நிற்கும் அரண் அல்ல, பீரங்கி வைத்த சுங்கச் சாவடி. நுழையும் கலத்தை நிறுத்தவும் வெளியேறும் கலத்தைச் சோதிக்கவும் அது போதும். அதற்குத்தான் அது இருந்தது.

அப்படியானால் ஒல்லாந்தர் ஏன் அதைத் திருத்திக் கட்டினார்கள் என்று கேட்கலாம். 1680இல் தூலங்களை அகற்றிக் கல் வளைவு எழுப்பினார்கள். தண்ணீர்த் தொட்டி அமைத்தார்கள். அலையைத் தடுக்கக் கல்லணை போட்டார்கள். தாங்களே தண்ணீரை மறித்துப் பிடித்த கோட்டையின் பலவீனத்தை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. ஆயினும் ஆண்டைக் கவனியுங்கள். போர்த்துக்கேயர் இலங்கையை விட்டு வெளியேறி இருபது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. போர் முடிந்த பின்னும் செலவு செய்து ஒரு கட்டடத்தைக் காப்பாற்றுகிறார்கள் என்றால், அது சமாதான காலத்திலும் வேலை செய்துகொண்டிருந்தது. துறையில் நடந்தது யானை வணிகம் மட்டுமல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பனைமரமும் சாயவேரும் சங்கும் துணியும் அதே வாய்வழி போயின. கும்பனியின் கணக்கில் அவற்றுக்கும் இடமுண்டு. யானையின் காலடியில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் பனைமரம் யாழ்ப்பாணத்திலேயே வளர்ந்தது, சாயவேரைத் தீவிலேயே தோண்டினார்கள். வன்னியின் தலைவர்களை ஆண்டுதோறும் யாழ்ப்பாணத்தோடு கணக்குத் தீர்க்க வைத்த பொருள் யானை ஒன்றே.

பூதத்தம்பியின் பெயரை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கும் விடை சொல்லியாக வேண்டும். ஒல்லாந்த ஆட்சி தொடங்கிய 1658ஆம் ஆண்டிலேயே அதைக் கவிழ்க்க யாழ்ப்பாணத்தில் ஒரு சதி நடந்து, வெளிப்பட்டு, பலர் கொல்லப்பட்டார்கள். அதைச் சுற்றி எழுந்த பூதத்தம்பி, அந்திராசி கதை 'யாழ்ப்பாண வைபவமாலை'யிலும் கூத்து மேடையிலும் வாழ்ந்தது. கோட்டையை அவன் பெயரால் மக்கள் அழைப்பது, யாருடைய ஊரில் யார் வந்து மதில் எழுப்பினார்கள் என்ற நினைவை அவர்கள் கைவிடவில்லை என்பதைக் காட்டுகிறது. அந்த நினைவை நான் மதிக்கிறேன். அதோடு வன்னிக்காரரின் நினைவு ஒன்றும் சேர வேண்டும் என்பதே கேட்பது. காட்டுக்குள் யானையைப் பின்தொடர்ந்து போய்க் காலில் சுருக்கிட்டவர்களுக்கும், அதை ஓட்டிக்கொண்டு ஆனையிறவுப் பரவையில் இறங்கியவர்களுக்கும் கூத்தும் இல்லை, கோட்டைப் பெயரும் இல்லை.

வாதத்தைச் சோதிக்க இன்னொரு வழி, யானை வணிகம் நின்றபோது கோட்டைக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியச் சந்தை சுருங்கியது. யானையால் படை நடத்திய அரசுகள் ஒவ்வொன்றாக வீழ்ந்துகொண்டிருந்தன. 1780களில் ஒல்லாந்தர் வன்னிமைகளை ஒடுக்கி, தோமஸ் நாகெலை அங்கே ஆட்சி செய்ய அமர்த்தினார்கள். அவர்கள் கண் அப்போது யானையிலிருந்து நெல்லுக்குத் திரும்பியிருந்தது. நெல் வேண்டுமென்றால் வயலை ஆள வேண்டும், துறையைப் பூட்டி வைத்துப் பயனில்லை. பூநகரியில் 1792 வரைதான் படை இருந்தது. 1795 செப்டெம்பர் கடைசியில் யாழ்ப்பாணக் கோட்டை ஆங்கிலேயரிடம் சரணடைய, களப்பின் மற்றக் காவல்களும் அதன் பின்னே போயின. 1803இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் எழுந்தபோது தாக்கியது முல்லைத்தீவுக் கோட்டையை. அவனை ஆங்கிலேயர் தோற்கடித்ததாகக் கல் நாட்டியது கச்சிலைமடுவில். வன்னியின் போர் களப்பை விட்டுக் காட்டுக்கே வந்துவிட்டது. பூநகரிக் கோட்டையில் 1805இல் தங்குமடம் கட்டினார்கள். கடற்கோட்டை சிறையாயிற்று, பின்னர் தொற்றுநோயாளரை ஒதுக்கி வைக்கும் இடமுமாயிற்று. தண்ணீர் சூழ்ந்த திட்டு. வெளியே போகும் சரக்கைத் தடுத்த இடம், மனிதர் வெளியே போவதைத் தடுக்க உதவியது. 1971 கிளர்ச்சியில் பிடிபட்ட தெற்கத்தி இளைஞர்களையும் அங்கே அடைத்தார்கள். இப்போது அது காரைநகர்க் கடற்படையின் பொறுப்பில் உல்லாச விடுதியாக இருக்கிறது.

குடாநாட்டைக் காப்பதுதான் கடற்கோட்டையின் பணி என்றால், அதே குடாநாட்டை அதே கடலில் ஆண்ட ஆங்கிலேயருக்கு அது ஏன் வேண்டாமற் போயிற்று? கடலில் அவர்களுக்கு எதிரி இல்லை என்பது ஒரு விடை. அதை நான் தள்ளவில்லை. ஆனால் அதே தலைமுறையில் யானைக்கு நேர்ந்ததையும் அதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணித் திறை வாங்கப்பட்ட மிருகம் பயிரை அழிக்கும் பீடையாக அரசேட்டில் இடம் மாறியது. சுட்டுக் கொல்பவனுக்குப் பரிசுப்பணம் தரப்பட்டது. கொழும்பில் அரசாங்கச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ட் தன் இலங்கை நூலில் எழுதுகிறார்: 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்கும் குறைவான காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கும் மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன. ஆண்டுக்கு 42½ என்று சுவார்தகுரோன் கேட்ட கணக்கில் வகுத்தால் எண்பது ஆண்டுத் திறைக்கு மேல் வரும். அவற்றில் ஒன்றுகூட ஊர்காவற்றுறைக்குப் போகவில்லை. சுட்டதற்குச் சான்றாக வாலைக் கொண்டுவந்து காட்டிப் பணம் வாங்கினார்கள். உடல் காட்டிலேயே கிடந்தது.